ஒரே வீட்டை இருவருக்கு வாடகைக்கு விட்டால்...?

ஃபிக்ஹு நூல்களின் வழக்கப்படி ஜைது, பக்ரு, காலிது என்று மூன்று பேரை வைத்துக் கொள்வோம். ஜைதுக்குச் சொந்தமாக ஒரு வீடு இருக்கிறது. "இன்றிலிருந்து ஓராண்டுக்கு, மாதம் 8,000 ரூபாய் வாடகைக்கு விட்டேன்" என்று அவர் சொல்ல, "ஏற்றுக் கொண்டேன்" என்று பக்ரு சொல்லி, 50,000 ரூபாய் அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். இரண்டு பேர் சாட்சியும் இருந்தார்கள். பிள்ளைகளின் பரீட்சை முடிந்ததும், பத்து நாளில் சாமான்களோடு வருவதாகச் சொல்லி பக்ரு ஊருக்குப் போனார். நான்காம் நாள் காலிது வந்தார். 9,500 ரூபாய் வாடகை, ஒரு லட்சம் அட்வான்ஸ் என்றார். ஜைதின் மனம் சபலப்பட்டது. சாவி காலிதின் கைக்குப் போய்விட்டது. பத்தாம் நாள் பக்ரு லாரியில் சாமான்களுடன் வந்து இறங்கினால், வீட்டுக்குள்ளே வேறொருவர் பிள்ளைக்குத் தொட்டில் ஆடிக் கொண்டிருக்கிறது!

ஜைது என்ன சொல்கிறார்? "வீடு என்னுடையது. யாருக்கு விடுவதென்பது என் இஷ்டம். உம்முடைய அட்வான்ஸை ஒரு காசு குறையாமல் தந்துவிடுகிறேன். வேறு வீடு பார்த்துக் கொள்ளும்."

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்றே நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். ஐந்து வேளையும் முன் வரிசையில் நின்று தொழுபவர்கள்கூட இப்படி நினைப்பதுண்டு. ஷரீஅத்தின் பார்வையில் இந்தக் கணக்கு தீரவில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வாடகை ஒப்பந்தத்திற்கு ஷரீஅத்தில் இஜாரா என்று பெயர். இஜாரா என்பது ஒரு வகை விற்பனையே என்று ஃபகீஹ்கள் விளக்குகிறார்கள். வியாபாரத்தில் பொருளே விற்கப்படுகிறது. இஜாராவில் பொருளின் மன்பஅத், அதாவது அதன் பயன்பாடு, குறிப்பிட்ட காலத்திற்கு விற்கப்படுகிறது. சுவரும் கூரையும் மனையும் ஜைதுடையவை, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஓராண்டு அதில் குடியிருக்கும் பயன் ஜைதுடையதன்று. அதை அவர் பக்ருவுக்கு விற்றுவிட்டார். ஒரு மூட்டை அரிசியைப் பக்ருவுக்கு விற்றபின், மூட்டை இன்னும் கடையில்தான் கிடக்கிறது என்பதற்காக அதையே காலிதுக்கு விற்க முடியுமா? விற்றால் அது பிறர் பொருளை விற்றதாகும். வீட்டின் பயனுக்கும் இதே நியாயம்தான். "வீடு என்னுடையது" என்ற சொல் உண்மை. ஆனால் இந்த வழக்குக்கு அது பதிலாகாது.

அல்மாயிதா சூராவின் முதல் ஆயத்திலேயே அல்லாஹு தஆலா முஃமின்களை விளித்து, செய்துகொண்ட உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படி கட்டளையிடுகிறான். ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தின் மேல் இன்னொருவர் வியாபாரம் செய்வதை நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்திருப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்திருக்கிறது. நம் மஸ்அலாவுக்கு இன்னும் நெருக்கமான ஹதீது ஒன்று உண்டு. ஸமுரா இப்னு ஜுன்துப் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் அறிவித்து, அபூதாவூத், திர்மிதி முதலிய நூல்களில் பதிவாகியுள்ளது. ஒரு பெண்ணை இரண்டு வலீமார்கள் இருவருக்கு நிகாஹ் செய்து கொடுத்துவிட்டால் அவள் முதலாமவருக்கே உரியவள். ஒரு பொருளை ஒருவர் இருவருக்கு விற்றுவிட்டால் அதுவும் அவர்களில் முதலாமவருக்கே என்பது அதன் கருத்தாகும். இஜாரா பயனின் விற்பனை என்பதால் இந்தச் சட்டம் இதற்கும் பொருந்துகிறது.

ஆகவே ஜைதும் பக்ருவும் செய்த இஜாரா நிலைத்து நிற்கிறது. காலிதுடன் செய்தது செல்லாது. உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை ஹனபி மத்ஹபின்படி தொகுத்த மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பிலும், 589-ஆவது பிரிவில், கட்டுப்படுத்தும் இஜாரா ஒன்று ஏற்பட்டபின் அதே பொருளை உரிமையாளர் வேறொருவருக்கு வாடகைக்கு விட்டால் இரண்டாவது இஜாரா நடப்பில் வராது என்றே வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். முதலாமவர் யார்? சாவியை முதலில் வாங்கியவரா? அதிக அட்வான்ஸ் கொடுத்தவரா? இல்லை. ஈஜாப் கபூல், அதாவது தந்தேன், ஏற்றேன் என்ற அக்து எவருடன் முதலில் நிறைவேறியதோ அவரே முதலாமவர்.

அக்து நிறைவேறியதா என்பதில்தான் பல வழக்குகள் சிக்கிக் கொள்கின்றன. "இன்ஷா அல்லாஹ், உங்களுக்கே தருகிறேன், வந்து பேசுங்கள்" என்று ஜைது சொல்லியிருந்தால் அது வஅது, வெறும் வாக்குறுதி. வாடகை இவ்வளவு, காலம் இவ்வளவு என்று தீர்மானமாகாமல், "வைத்துக் கொள்ளுங்கள்" என்று 1,000 ரூபாய் டோக்கன் கொடுத்திருந்தாலும் இஜாரா ஏற்பட்டுவிடாது. அந்நிலையில் ஜைது வேறொருவருக்கு விட்டால், வாக்கு மீறிய இழிவு அவரைச் சேரும்; வாக்கு மீறுவது முனாஃபிக்கின் அடையாளங்களில் ஒன்று என்று ஹதீது இருப்பதை அவர் மறக்கக் கூடாது. ஆயினும் வீட்டின் பயன் பக்ருவின் உடைமையாகிவிட்டது என்று சொல்ல முடியாது. டோக்கன் பணத்தை மட்டும் கட்டாயம் திருப்பித் தர வேண்டும். பேச்சு முறிந்தால் டோக்கன் பணம் உரிமையாளருக்கே என்று வைத்துக் கொள்ளும் வழக்கத்தை ஷாபிஈ, ஹனபி, மாலிகி மத்ஹபுகள் ஏற்கவில்லை. ஹன்பலி மத்ஹபில்தான் அனுமதி இருக்கிறது.

இன்னொரு சிக்கல், காலம் குறிக்காமல் "மாதம் இவ்வளவு" என்று மட்டும் பேசிக் குடியேறுவது. நம் ஊர்களில் பாதி வீடுகள் இப்படித்தான் ஓடுகின்றன. ஷாபிஈ மத்ஹபின் சரியான கூற்றுப்படி இந்த இஜாராவே கூடாது. காலம் தெரியாத ஒப்பந்தம் அது. குடியிருந்த நாட்களுக்கு நியாய வாடகை மட்டும் கடமையாகும். ஹனபி மத்ஹபில் முதல் மாதத்திற்கு இஜாரா கூடும். அடுத்த மாதம் பிறந்து அவர் குடியிருப்பைத் தொடர்ந்தால் அந்த மாதத்திற்கும் கூடும். இப்படியே மாதம் மாதமாகப் புதுப்பிக்கப்படும். ஆகவே ஹனபி மத்ஹபின்படி, மாதக் கடைசியில் முறையாக முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, வரும் மாதத்திலிருந்து வேறொருவருக்கு விடுகிற வீட்டுக்காரர் இரட்டை இஜாரா செய்தவராக மாட்டார். பத்து ஆண்டுகள் குடியிருந்தேன் என்பதால் பதினோராம் ஆண்டும் எனக்கே உரிமை என்று குடியிருப்பவர் வாதிடுவதற்கு இதில் இடமில்லை. காலத்தை எழுத்தில் குறித்துக் கொள்வது இருவருக்குமே பாதுகாப்பு. கடற்கரை ஊர்களில் ஷாபிஈகளும் உள்நாட்டு ஊர்களில் ஹனபிகளும் மிகுந்துள்ள நம் தமிழகத்தில், ஒரு மத்ஹபின் வீட்டுக்காரரும் இன்னொரு மத்ஹபின் குடியிருப்பாளரும் சந்திப்பது சகஜம். காலம் குறிக்கப்பட்டால் இந்தக் கருத்து வேற்றுமைக்கே வேலையில்லாமல் போகும்.

சரி, பக்ருவுக்கு என்ன உரிமைகள்? முதலாவது, வீட்டையே கேட்கும் உரிமை. தம் பயனைத் தமக்கு ஒப்படைக்கும்படி அவர் ஜைதை வற்புறுத்தலாம். அட்வான்ஸைத் திருப்பி நீட்டியதால் இந்த உரிமை போய்விடாது. அவர் மனமொப்பி இகாலா செய்தால்தான், அதாவது ஒப்பந்தத்தை இருவரும் சேர்ந்து கலைத்துக் கொண்டால்தான், அது முடியும். இரண்டாவது, விரும்பினால் ஒப்பந்தத்தை முறித்துக் கொள்ளும் கியார், அதாவது தேர்வுரிமை, அவருக்கு உண்டு. வாடகைக்கு எடுத்த பொருளைப் பிறர் அபகரித்துக் கொண்டால் இந்தத் தேர்வுரிமை ஏற்படும் என்பது ஃபிக்ஹு நூல்களில் தெளிவாக உள்ளது. முறித்துவிட்டால் அட்வான்ஸும், முன்கூட்டிக் கொடுத்த வாடகையும் முழுமையாகத் திரும்ப வேண்டும். அட்வான்ஸ் வாடகையன்று, ஜைது செலவு செய்துகொள்ளத் தடையில்லாமல் அவர் கையில் கிடக்கும் பக்ருவின் பணம். கடன் என்ற ஹுக்மில்தான் அது சேரும். "அடுத்த ஆள் அட்வான்ஸ் தந்ததும் தருகிறேன்" என்று இழுத்தடிக்க ஜைதுக்கு உரிமையில்லை.

மூன்றாவது, ஒப்படைக்காத நாட்களுக்கு வாடகையே இல்லை. இமாம் நவவீ ரஹிமஹுல்லாஹ் அவர்களின் மின்ஹாஜில், குறித்த காலத்திற்கு வாடகைக்கு விட்ட பொருளை அந்தக் காலம் கழியும்வரை ஒப்படைக்காமலே இருந்தால் இஜாரா கலைந்துவிடும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. மூன்று மாதம் கழித்து வீட்டைக் கொடுத்தால், அந்த மூன்று மாத வாடகையை ஜைது கேட்க முடியாது. மீதி ஒன்பது மாதத்தை ஏற்பதா விடுவதா என்பது பக்ருவின் விருப்பம்.

இதைவிடக் கடுமையான சட்டம் ஒன்று ஹன்பலி மத்ஹபில் இருக்கிறது. குடியேறி ஆறு மாதம் வாழ்ந்தபின், அதிக வாடகைக்கு ஆசைப்பட்டு உரிமையாளர் அவரை நடுவில் வெளியேற்றினால், அந்த ஆறு மாதத்திற்கும் அவருக்கு வாடகை கிடையாது என்பது அந்த மத்ஹபின் கூற்றாகும். ஒப்பந்தம் செய்த முழுப் பயனை ஒப்படைக்காதவர் அதன் கூலியைக் கேட்க முடியாது என்பது அவர்களின் வாதம். மற்ற இமாம்கள் வாழ்ந்த காலத்திற்கு வாடகை உண்டு என்கிறார்கள். எனினும் குடியிருக்கும் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்துவதை இமாம்களில் ஒரு சாரார் எவ்வளவு கடுமையாகக் கண்டார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

பக்ரு சாமான் ஏற்றி வந்த லாரிச் செலவு, நான்கு நாள் லாட்ஜில் தங்கிய செலவு இவற்றை யார் தருவது? ஒப்பந்தம் மீறியதால் இயல்பாக ஏற்படும் நஷ்டத்தைக் கேட்க 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 73-ஆம் பிரிவில் வழி செய்கிறது. வழக்குப் போடும் வரை காத்திராமல் ஜைது தாமாகவே அதைக் கொடுத்துவிடுவதே மார்க்கப் பற்றுள்ளவருக்கு அழகு.

இனி காலிதின் நிலை. வீடு முன்பே பேசி முடிந்தது என்று தெரிந்துகொண்டே கூடுதல் வாடகையைக் காட்டி அதைப் பறித்திருந்தால், அவர் ஜைதின் பாவத்தில் கூட்டாளி. அவர் அங்கே இருப்பது கஸ்பு, அபகரிப்பு. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவருக்கு ஏழு பூமிகளும் கழுத்தில் மாட்டப்படும் என்ற ஹதீதை நாம் நிலத்தகராறுக்கு மட்டும்தான் நினைவு கூர்கிறோம். அபகரித்த வீட்டில் தொழும் தொழுகை எப்படி? ஷாபிஈ, ஹனபி மத்ஹபுகளில் கடமை நிறைவேறிவிடும். ஆனால் அங்கே தங்கியிருக்கும் குற்றம் நீங்காது. ஹன்பலி மத்ஹபின் பிரபலமான கூற்றில் தொழுகையே கூடாது. அந்த வீட்டில் முஸல்லா விரிக்கும் குடும்பத்தார் இதைச் சிந்திக்க வேண்டும்.

காலிதுக்கு ஒன்றும் தெரியாது, அவரும் ஏமாற்றப்பட்டவரே என்றால் அவர் மீது பாவமில்லை. எனினும் விஷயம் தெரிந்த நிமிடத்திலிருந்து "நான் பணம் கொடுத்தவன்" என்று சட்டம் பேசிக் கொண்டிருக்க முடியாது. வீட்டை உரியவருக்கு விட வேண்டும். அவர் கொடுத்த அட்வான்ஸ் முழுவதும் ஜைதின் மேல் கடன். குடியிருந்த நாட்களுக்கு, பேசிய 9,500 என்ற கணக்கில் அல்லாமல், அந்தத் தெருவில் அப்படிப்பட்ட வீட்டுக்கு நடப்பிலுள்ள உஜ்ரத்துல் மித்ல் என்னும் நியாய வாடகை அவர் பேரில் வரும். அதை அபகரித்துக் குடியிருந்தவரிடமிருந்து முதல் வாடகைதாரரே கேட்டுப் பெறலாம் என்று ஹன்பலி மத்ஹபு இடம் கொடுக்கிறது. மாற்று வீடு தேட ஓரிரு வாரம் அவகாசம் கொடுப்பது பக்ருவின் பெருந்தன்மை. கைக்குழந்தையுடன் இருக்கும் குடும்பம் என்றால் அந்தப் பெருந்தன்மைக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. ஆனால் அது காலிதின் உரிமையாகாது.

வழக்கு எப்போதும் இப்படி நேராக இருப்பதில்லை. பல இடங்களில் இரட்டை இஜாராவுக்குக் காரணம் வீட்டுக்காரரின் பேராசை அல்ல, பழைய குடியிருப்பாளரின் பிடிவாதம்! ஒப்பந்தக் காலம் முடிந்தும் அவர் காலி செய்வதில்லை. முடியும் தேதியை நம்பி வீட்டுக்காரர் புதியவருக்குப் பேசிவிடுகிறார். அந்தத் தேதியில் புதியவர் வந்து வாசலில் நிற்கிறார். இங்கே அபகரிப்பவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா? காலம் முடிந்தபின் உரிமையாளரின் சம்மதமின்றி ஒரு நாள் தங்கினாலும் அது அநியாயமே. வாடகையைக் கோர்ட்டில் கட்டுகிறேன் என்பது அல்லாஹ்விடம் சாக்காகாது.

இதில் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. பழையவரின் காலம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே, அதற்கடுத்த காலத்திற்கு இன்னொருவருக்கு இஜாரா செய்வது ஷாபிஈ மத்ஹபில் கூடாது. வருங்காலப் பயனுக்காக ஒரு குறிப்பிட்ட வீட்டை இன்றே வாடகைக்கு விடும் அக்து செல்லாது. இப்போது குடியிருப்பவருக்கே அடுத்த ஆண்டுக்கும் நீட்டிக் கொடுப்பது மட்டும் கூடும். அவருக்கு இரு காலமும் தொடர்ச்சியாக அமைவதே காரணம். ஹனபி மத்ஹபில் வருங்காலத் தேதியிலிருந்து தொடங்கும் இஜாரா கூடும். ஷாபிஈகள் இப்போது வாக்காக மட்டும் பேசி வைத்து, வீடு காலியானதும் அக்து செய்துகொள்ளலாம்.

காலத்திற்குள் இருக்கும் குடியிருப்பாளரை எழுப்ப வேண்டிய அவசியம் வீட்டுக்காரருக்கு உண்மையாகவே வந்தால்? மகளுக்கு நிகாஹ், வெளிநாட்டிலிருந்து மகன் திரும்புகிறான் என்று நியாயமான தேவைகள் வரலாம். பேசித் தீர்க்க வழியிருக்கிறது. 1988-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இதைப் பரிசீலித்து, ஒப்பந்தக் காலம் மீதமிருக்கும்போது அதை விட்டுக் கொடுப்பதற்காக உரிமையாளர் கொடுக்கும் தொகையை வாடகைதாரர் வாங்குவது ஆகும். காலம் முடிந்தபின் காலி செய்வதற்காகப் பணம் கேட்பது ஆகாது என்று முடிவு செய்தது. பட்டணங்களில் பகடி என்று லட்சக்கணக்கில் கைமாறுகிறதே, அதில் ஹலாலும் ஹராமும் பிரியும் கோடு இதுதான். கையில் மீதிக் காலம் இருந்தால் விற்க ஏதோ இருக்கிறது. இல்லையென்றால் விற்பது எதை?

ஒத்திக்கு விடும் வீடுகளில்தான் இன்று இரட்டை மோசடி அதிகம். ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று மொத்தமாக வாங்கிக் கொண்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருக்கச் செய்து, முடிவில் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது ஒத்தி. இதைப் பலர் லீஸ் என்றும் சொல்கிறார்கள். இது இஜாரா அல்ல. கொடுத்தது கடன், அந்தக் கடனுக்காக வீட்டில் இலவசமாகக் குடியிருப்பது நிபந்தனையான லாபம். கடனுக்கு நிபந்தனையிட்டு வாங்கும் லாபம் வட்டி என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபட்டவை. மார்க்கம் தடுத்த வாசலில் நுழைந்தவர்கள் பிறகு மோசம் போய் அழுகிறார்கள். ஆயினும் மோசம் போனவரின் முதல் பணம் ஹலாலான அவரது உடைமையே. ஒத்தி கூடாது என்ற மஸ்அலாவைக் காட்டி வீட்டுக்காரர் அதை விழுங்க முடியாது.

வீட்டுக்காரர் இறந்து, வாரிசுகள் வேறொருவருக்கு விட்டால்? ஷாபிஈ மத்ஹபில் மரணத்தால் இஜாரா கலையாது. வாரிசுகளுக்கு வீடு வருகிறது, குறித்த காலத்தின் பயன் வருவதில்லை. ஹனபி மத்ஹபில் தமக்காக ஒப்பந்தம் செய்தவர் இறந்தால் இஜாரா முடிந்துவிடும். வீட்டை விற்றாலும் ஷாபிஈ மத்ஹபில் விற்பனை கூடும். ஆனால் காலம் முடியும்வரை குடியிருப்பவரை வாங்கியவர் எழுப்ப முடியாது. பள்ளிவாசல் கடைகளில் பழைய முதவல்லி ஒருவருக்குக் கொடுத்ததைப் புதிய நிர்வாகம் இன்னொருவருக்குக் கொடுப்பதும் இவ்வகையே. முதவல்லி உரிமையாளரல்லர், காவலாளி. அவர் பதவி மாறியதால் அவர் முறைப்படி செய்த இஜாரா மாறாது.

இனி நாட்டுச் சட்டம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 48-ஆம் பிரிவு, ஒரே சொத்தில் வெவ்வேறு காலங்களில் கொடுத்த உரிமைகள் ஒன்றாக நடக்க முடியாதபோது, பிந்தியது முந்தியதற்கு உட்பட்டது என்கிறது. ஸமுரா (ரலி) அவர்களின் ஹதீதின் கருத்தோடு இது ஒத்திருக்கிறது. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும். மற்றவை பதிவாலோ, வாய்மொழியுடன் சொத்தைக் கையில் ஒப்படைப்பதாலோ ஏற்படும் என்று அதே சட்டத்தின் 107-ஆம் பிரிவு கூறுகிறது. பதிவும் இல்லாமல் சாவியும் வாங்காமல் நிற்கும் பக்ருவின் கை, கோர்ட்டில் தாழ்ந்துபோகலாம். சாவி வாங்கிய காலிதின் கை ஓங்கலாம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்கிறது. பதினொரு மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி பீரோவில் பூட்டி வைக்கும் பழைய பழக்கம் இனிப் போதாது. பெருந்தொகை கொடுப்பவர் வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்க்க வேண்டும்; பதிவான குத்தகையோ ஒத்தியோ இருந்தால் அதில் தெரியும். பதிவாகாதது தெரியாது என்பதால் அக்கம்பக்கத்திலும் விசாரிக்க வேண்டும். பணம் கொடுத்த அன்றே சாவியையும் வாங்கிக் கொள்ள வேண்டும். குடியேறிய பின் பூட்டை மாற்றி வெளியேற்றப்பட்டவர், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம் 6-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்திற்குள் வழக்குத் தொடுத்து மீண்டும் குடியேறலாம்.

கோர்ட்டில் காலிது ஜெயித்துவிட்டால் வீடு அவருக்கு ஹலாலா? உம்மு ஸலமா ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் அறிவிக்கும் ஹதீது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. வாதத் திறமையால் தம் சகோதரரின் உரிமையைத் தமக்குச் சாதகமாகத் தீர்ப்பாக்கிக் கொண்டவருக்குக் கிடைத்தது நெருப்புத் துண்டே என்று, தீர்ப்பளிக்கும் நாயகம் (ஸல்) அவர்களே எச்சரித்தார்கள். அவர்களின் தீர்ப்பே உண்மையில் ஹராமானதை ஹலாலாக்காது என்றால், நம் முன்சீப் கோர்ட்டின் தீர்ப்பு எம்மாத்திரம்?

மஹல்லா ஜமாஅத்தின் முன் இத்தகைய வழக்கு வந்தால், முதலில் தேதியை விசாரிக்க வேண்டும். உரிமை கோருபவர் சாட்சி கொண்டுவர வேண்டும். மறுப்பவர் சத்தியம் செய்ய வேண்டும். ஜைது இருவரில் ஒருவருக்கு உறவினர், இன்னொருவர் வெளியூர்க்காரர் என்பது விசாரணையில் நுழையக் கூடாது. பக்ருவின் பணத்தை முதலில் ஜமாஅத்தின் பொறுப்பில் வாங்கி வைத்துக் கொண்டு பிறகு சமாதானம் பேசுவது நல்லது. வீடு கிடைக்காத ஆத்திரமும் பணம் கிடைக்காத பயமும் சேர்ந்தால் எந்தச் சமாதானமும் ஏறாது. சமாதானத்தில் பக்ரு தம் உரிமையை விட்டுக் கொடுக்கலாம்; ஆனால் விட்டுக் கொடுக்கும்படி அவரை நெருக்கக் கூடாது.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.